சமாதானம் கேட்ட சுவாமிமார்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்து ஊர்காவற்றுறை வீதியில் போகிறவர்களுக்கு, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் வரும் ஊர் அல்லைப்பிட்டி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனங்கூடல். 1977ஆம் ஆண்டு ஜோன் கார்ஸ்வெல் என்ற தொல்லியலாளர் இங்கே அகழ்ந்தபோது, ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. ஒரு காலத்தில் தூரதேசக் கப்பல்கள் தேடி வந்த கரை அது. எழுத்தாளர் ஷோபாசக்தி பிறந்த ஊரும் இதுதான். 2006ஆம் ஆண்டு இந்த ஊரின் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்துக்குப் புதிதாக ஒரு பங்குத்தந்தை வந்து சேர்ந்தார். பெயர் திருச்செல்வம் நிஹால் ஜிம் பிறவுண். வயது 34.

அவர் வந்தது நல்ல காலத்தில் அல்ல. 1990களின் தொடக்கத்தில் தீவகம் படையினரின் கைக்கு மாறியபோது சிதறிப்போன குடும்பங்களில் பல, 2002 பெப்ரவரி 22இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்பாட்டில் ஒப்பமிட்ட பிறகே துணிந்து ஊர் திரும்பியிருந்தன. நோர்வே நடுநின்று செய்துவைத்த அந்த உடன்பாடு நாலு வருடத்துக்குள் காகிதமாகிப் போனது. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்த ஆயுததாரிகள் நாலு மாதக் குழந்தை உட்பட ஒன்பது பேரின் உயிரைப் பறித்தார்கள். அதே இரவில் வேலணைத் தீவின் வேறு இடங்களிலும் கொலை நடக்க, மொத்தம் 13 பேர் இறந்தார்கள். செய்தது கடற்படையே என்றார்கள் ஊர்மக்கள். கடற்படை மறுத்தது.

மூன்று மாதம் கழித்துப் பெரிய சண்டை மூண்டது. 2006 ஓகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. முகமாலை முன்னரங்கில் தொடங்கிய மோதல் தீவகக் கரைக்கும் பரவியது. ஏ9 வீதி மூடப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு குடாநாடு நிலவழித் தொடர்பை இழந்தது. ஊரடங்கு, உணவுத் தட்டுப்பாடு, தொடர்ந்து ஷெல்லடி. அல்லைப்பிட்டிச் சனம் செய்தது, அதற்கு முன்னும் பலமுறை செய்ததைத்தான்: பிள்ளைகளையும் வயோதிபரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். 13ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயில் மீதே ஷெல் விழுந்தது. தஞ்சம் புகுந்திருந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பலர் காயப்பட்டார்கள்.

ஜிம் பிறவுண் அடிகளார் அந்த இடத்தை விட்டு ஓடவில்லை. காயப்பட்டவர்களை வைத்தியத்துக்கு அனுப்பவும், உயிரோடு எஞ்சியவர்களை அங்கிருந்து வெளியேற்றவும் அவரே முன்னின்றார். நூற்றுக்கணக்கானவர்கள் ஊர்காவற்றுறை புனித மரியாள் ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது அவரது முயற்சியால். அந்த நாட்களில், புலிகளுக்குப் பதுங்குகுழி வெட்ட உதவினார் என்று கடற்படை அதிகாரி ஒருவர் அவரைக் குற்றஞ்சாட்டி மிரட்டியதாக மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள் சொல்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓகஸ்ட் 20, அவர் மறுபடி அல்லைப்பிட்டிப் பக்கம் போனார். கூடவே ஊரவர் ஒருவரும் போனார். பிள்ளைகள் உள்ள குடும்பஸ்தர். அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச் சாவடியடியில் இருவரையும் கண்டவர்கள் உண்டு. அதன் பிறகு கண்டவர் எவருமில்லை. தாங்கள் பிடிக்கவில்லை என்றது கடற்படை. யாழ் ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் ஜனாதிபதிக்கு எழுதினார். பதில் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திராது.

சுவாமி ஏன் முன்னால் போனார்?

குருவானவர் ஒருவருக்குப் பூசை வைப்பது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, திருமணம் செய்துவைப்பது போன்ற கடமைகள்தானே இருக்கும், கடற்படை முகாமோடு அவருக்கு என்ன பேச்சு என்று வெளியூர் வாசகருக்குத் தோன்றலாம். போர்க்கால யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்குகளில் நிலைமை வேறு. கிராம அலுவலர் போக முடியாத இடத்துக்குச் சுவாமி போனார். பிடிபட்ட பொடியனை விடுவிக்கக் கேட்பதும், மீன்பிடி அனுமதிக்கு எழுதுவதும், கச்சேரியில் நிவாரணத்துக்கு நிற்பதும், பிரேதத்தை எடுக்க அனுமதி வாங்குவதும் அவர் தலையிலேயே விழுந்தன. வெள்ளை அங்கி தூரத்திலிருந்தே தெரியும். சுடுகிறவன் ஒரு கணம் யோசிப்பான் என்று சனம் நம்பியது. அந்த ஒரு கண யோசனைக்காகத்தான் சுவாமியை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார்கள்.

சைவக் கோயில்களும் அப்படித்தான். கோயிலென்றால் கிணறு இருக்கும், மடம் இருக்கும், பெரிய அடுப்பும் கிடாரமும் இருக்கும். திருவிழாவில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் கொடுத்துப் பழகிய கைகளுக்கு அகதிகளுக்குக் கஞ்சி வார்ப்பது புது வேலை அல்ல. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை நகரத்தைப் பிடிக்கச் சண்டையிட்டபோது நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆயிரக்கணக்கானோர் தங்கிய அகதி முகாமாக மாறியது. அதே மாதம் 21ஆம் திகதி யாழ் போதனா வைத்தியசாலைக்குள் நோயாளர்களும் வைத்தியர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆஸ்பத்திரிக்கே காப்பில்லாத நாட்களில் கோபுரத்தின் கீழ்த்தான் மனம் கொஞ்சம் ஆறியது.

கோபுரமும் சிலுவையும் குண்டைத் தடுக்காது என்பதை நவாலி காட்டியது. 1995 ஜூலை 9. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ‘முன்னேறிப் பாய்தல்’ என்ற இராணுவ நடவடிக்கை அன்றுதான் தொடங்கியது. வலிகாமம் மேற்கிலிருந்து விரட்டப்பட்ட சனம் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் தங்கியிருந்தது. வழிபாட்டு இடங்களில் ஒதுங்கும்படி அறிவிக்கப்பட்டதால்தான் அங்கே போனோம் என்று அந்த ஊரவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மாலையில் விமானப்படையின் புக்காரா விமானம் குண்டு வீசியது. 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு உதவிக்கொண்டு நின்ற கிராம அலுவலரும் இருந்தார். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அந்தச் சாவுகளை வெளிப்படையாக உலகுக்கு அறிவித்தது. இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஒவ்வொரு ஜூலை 9ஆம் திகதியும் நவாலியில் நினைவுப் பூசை நடக்கிறது.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, புலிகள் இயக்கத்தின் அறிவித்தலோடு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. மழை. செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்கு ஊர்ந்துகொண்டு போனது. நவாலியை அந்தச் சனம் மறந்திருக்கவில்லை. நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் அவர்கள் தேடிப்போன இடங்கள் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் தேவாலயங்களும்தான். வேறு வாசல் இருக்கவில்லை. சமாதானத்தை நம்புவது என்ற பெரிய சொல்லின் நடைமுறைப் பொருள் அந்த நாட்களில் மிகச் சாதாரணமானது: இன்னொரு குடும்பத்துக்கு இடம் விடுவது, இன்னொரு பானை அரிசியை உலையில் இடுவது, பிணத்தை அடக்கம் செய்வது, அடுத்த நாள் பூசைக்கு மணி அடிப்பது.

இரண்டு பக்கத்துக்கும் சொன்னவர்கள்

அடைக்கலம் கொடுப்பது ஒரு வேலை. துவக்கு வைத்திருந்தவர்களின் முகத்துக்கு நேரே சொல்வது அதைவிடக் கடினமான வேலை. அதிலும் இரண்டு பக்கத்துக்கும் சொல்வது. ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்கிறவருக்கு மற்றப் பக்கத்தின் பாதுகாப்பாவது கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறவருக்கு ஒருவரும் இல்லை.

ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் 1992 முதல் 2015 வரை யாழ் மறைமாவட்டத்தை நடத்தினார். அதற்கு முன் பதினொரு வருடம் மன்னாரின் முதலாவது ஆயர். முழுப் போரையும் ஆயராகவே கண்டவர். 2009 ஜனவரியில் வன்னியில் சனம் ஒரு சிறு நிலத்துக்குள் நெருக்கப்பட்டிருந்தபோது, அவர் எழுதிய கடிதம் இரண்டு தரப்பையும் விளித்தது. பாதுகாப்பு வலயத்துக்குள் ஒதுங்கிய மக்கள் மீது தாக்குதல் நடத்த வேண்டாம் என்று அரசாங்கத்தைக் கேட்டார். அந்த மக்களுக்கு நடுவில் நிலையெடுத்து அங்கிருந்து ஷெல்லும் ரொக்கட்டும் அடிக்க வேண்டாம், அதனால் செத்துப்போவது சனந்தான் என்று புலிகளையும் கேட்டார். பின்னாளில் அந்தக் கடிதத்தை ஒவ்வொரு தரப்பும் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக் காட்டியது. முழுக் கடிதத்தையும் ஒருவரும் நிறைவேற்றவில்லை.

அவருடைய குருமார் அப்போது வன்னிக்குள் இருந்தார்கள். வெளியேற வாய்ப்பிருந்தும் சனத்தோடு நின்றவர்கள். வலைஞர்மடம் தேவாலயத்தில் அவர்களை நம்பி நூற்றுக்கணக்கான இளைஞர்களும் யுவதிகளும் ஒதுங்கியிருந்தார்கள், புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்குத் தப்ப. புலிகள் அந்தக் கோயிலுக்குள் புகுந்து அவர்களைப் பிடித்துப் போனதை ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. கோயில் வாசலை அரசபடையின் ஷெல்லும் மதிக்கவில்லை, இயக்கமும் மதிக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தயங்கினால் அந்த வாசலில் நின்ற குருமாருக்கு நாம் நியாயம் செய்யவில்லை.

போரின் கடைசி நாள் என்று சொல்லப்படும் 2009 மே 18, அந்தக் குருமாரில் இருவரை எடுத்துக்கொண்டது. உருத்திரபுரம் பங்குத்தந்தையாக இருந்த மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அடிகளார், மாதக்கணக்கில் பங்கர் வாழ்க்கை நடத்திய உடம்போடு சனத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மாரடைப்பால் இறந்தார். யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார், எழுபதைத் தாண்டியவர், வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனார். அதற்கு எட்டு நாள் முன்பு பாப்பரசருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார், இந்தச் சனத்தைக் காப்பாற்றக் கேட்டு. அவரும் அவரோடு பேருந்தில் ஏறியவர்களும் என்ன ஆனார்கள் என்பதற்கு அரசாங்கம் இன்றுவரை கணக்குச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த மனிதர் அவர்.

இந்த வரிசை நீளமானது. மன்னார் முருங்கனில் 1984 டிசெம்பரில் கொல்லப்பட்ட மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம். 1985 ஜனவரியில் வங்காலையில் மேரி பஸ்தியன் அடிகளார். 2007 செப்டெம்பரில், அகதிகளுக்குப் பணி செய்யும் இயேசு சபை அமைப்பின் மன்னார்ப் பொறுப்பாளர் பாக்கியரஞ்சித் அடிகளார், உதவிப் பொருட்களோடு போகும் வழியில் கிளைமோர் வெடித்து இறந்தார். 2008 ஏப்ரல் 20இல், வடக்கு கிழக்கில் மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்துவந்த கருணாரட்ணம் அடிகளார், ஞாயிறு பூசை முடித்துத் திரும்பும் வழியில் அதே விதமாகக் கொல்லப்பட்டார். தெற்கிலும் அப்படி ஒருவர் இருந்தார். புத்தலப் பகுதியில் பௌத்தக் கிராமத்தவரோடு வாழ்ந்து உழைத்த சிங்களக் குரு மைக்கல் ரொட்ரிகோ, 1987 நவம்பர் 10இல் பூசை செய்துகொண்டிருந்தபோது சுடப்பட்டார்.

உலகத்தில் இவர்களோடு ஒப்பிடப்படக்கூடியவர் எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ. சொந்தச் சனத்தைக் கொல்லும் கட்டளைக்குப் பணிய வேண்டாம் என்று சிப்பாய்களைப் பார்த்துப் பிரசங்கித்த மறுநாள், 1980 மார்ச் 24இல், பூசைப் பீடத்தில் கொல்லப்பட்டார். 38 வருடம் கழித்து, 2018 ஒக்டோபரில், திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ரொமேரோவின் பெயரை உலகம் அறியும். ஜிம் பிறவுணின் பெயரை யாழ்ப்பாணத்திலேயே இன்றைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்?

தெல்லிப்பழை அம்மா

நம்பிக்கையுள்ள மனிதரைப் பற்றிப் பேசும்போது அங்கி போட்டவர்களை மட்டும் நினைத்தால் பாதி யாழ்ப்பாணம் விடுபட்டுப் போகும். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை ‘சிவத்தமிழ்ச்செல்வி’ தங்கம்மா அப்பாக்குட்டியின் பெயரைச் சொல்லாமல் நினைக்க முடியாது. 1925இல் பிறந்தவர், ஆசிரியை, சமயச் சொற்பொழிவுக்காகக் குடாநாடு முழுவதும் அறியப்பட்டவர். ஆண்களே அதிகாரம் செலுத்திவந்த கோயில் நிர்வாகத்தில் ஒரு பெண் தலைமையேற்று, உண்டியலில் விழுந்த காசைச் சமூகப் பணிக்குத் திருப்பினார்.

தெல்லிப்பழை இருக்கும் வலிகாமம் வடக்கு, 1990 ஜூனில் வெறுமையாகிப் பிறகு உயர் பாதுகாப்பு வலயமாக அடைபட்ட பகுதி. அங்கிருந்து போனவர்களில் பலர் இருபது வருடத்துக்கு மேல் காணியை எட்டிப் பார்க்க முடியாமல் நலன்புரி முகாம்களில் கிடந்தார்கள். அந்தக் காலத்தில் கோயிலைச் சார்ந்து இயங்கிய துர்க்காபுரம் மகளிர் இல்லம், பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளுக்கு உணவும் உடுப்பும் படிப்பும் கொடுத்து வளர்த்தது. பிள்ளை ஒன்றை இயக்கத்துக்கும் விடாமல், முகாமுக்கும் விடாமல், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்குவது அன்றைய வடக்கில் எவ்வளவு பெரிய காரியம் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். தங்கம்மா அப்பாக்குட்டி 2008 ஜூன் 15இல் காலமானார். போர் முடிந்ததை அவர் காணவில்லை. அவர் வளர்த்த பிள்ளைகள் கண்டார்கள்.

பேசாமல் விட்ட நாள்

இந்தப் பெருமைகளோடு ஒரு கறையையும் எழுதத்தான் வேண்டும். 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்ன புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி கட்டளையிட்டார்கள். நகையும் காசும் வழியில் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். சோனகதெருவின் பள்ளிவாசல்களில் தொழுகை நின்றது. நூற்றாண்டுகளாகப் பக்கத்தில் வாழ்ந்த அயலவர்கள் அழுதார்கள். தனித்தனியாகச் சிலர் கெஞ்சியும் பார்த்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தின் கோயில் மேடைகளிலிருந்தும் பிரசங்க பீடங்களிலிருந்தும் அன்று எழுந்த குரல் மிகச் சிறியது. பயம் காரணம் என்பது உண்மை. பயந்த நிலையிலும் பேசிய சிலரை மேலே பார்த்தோம். அவர்களது துணிச்சலின் அளவை இந்த மௌனத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களுக்குக் காணியும் வீடும் முழுமையாகக் கிடைக்க வழி செய்வது, அன்று பேசாதவர்கள் இன்று செய்யக்கூடிய காரியம்.

கணக்குக் கேட்ட ஆயர்

துவக்குகள் ஓய்ந்த பிறகு சமாதானத்தை விரும்புகிறவரின் வேலை முடிந்துவிடுகிறதா? நெடுந்தீவில் 1940இல் பிறந்து, 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை அப்படி நினைக்கவில்லை. 2011 ஜனவரி 8இல், அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். அரசாங்கக் கச்சேரிகளின் பதிவின்படி 2008 ஒக்டோபரில் வன்னியிலிருந்த மக்கள் 4,29,059 பேர். போரின் முடிவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாகப் பதியப்பட்டவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர். இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

இத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. இந்த இரண்டு எண்களுக்கிடையே உள்ள வித்தியாசத்துக்கு அரசாங்கமே விளக்கம் சொல்ல வேண்டும் என்பதுதான் அவரது கேள்வி. அதற்காக அவரைத் துரோகி என்றார்கள், புலி என்றார்கள், விசாரித்தார்கள். அவர் எண்ணை மாற்றவில்லை. 2021 ஏப்ரல் 1இல் யாழ்ப்பாணத்தில் அவர் காலமானபோது அந்தக் கேள்வி பதிலில்லாமலே இருந்தது, இன்றும் இருக்கிறது.

கோப்புகள் எங்கே?

ஜிம் பிறவுண் அடிகளாரின் விடயத்துக்கு ஒரு விசாரணையும் வைக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. 2006 நவம்பரில், பாரதூரமான மனித உரிமை மீறல்களை விசாரிக்க, நீதியரசர் உடலாகம தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதற்குக் கொடுக்கப்பட்ட 16 சம்பவங்களில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை காணாமற்போனதும் ஒன்று. மே 13 கொலைகளும் ஒன்று. அதை மேற்பார்க்க இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி.என். பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழுவும் அமர்த்தப்பட்டது. விசாரணை சர்வதேசத் தரத்தை எட்டவில்லை என்று சொல்லி அந்தக் குழு 2008இல் விலகிப் போனது. ஆணைக்குழுவின் காலம் 2009 ஜூனில் நீடிப்பில்லாமல் முடிந்தது. பாதிச் சம்பவங்களைக்கூட அது முடிக்கவில்லை. முடிக்காத பகுதியில் ஜிம் பிறவுணின் கோப்பு கிடக்கிறது.

இலங்கை, பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் ஏற்றது. அதே வருடம் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. 2018இல் அந்தக் குற்றத்தைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்களோ 2017 பெப்ரவரி 20 முதல் வீதியில் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் அவர்கள் போராட்டத்தைத் தொடங்கப் பந்தல் போட்ட இடம் கந்தசுவாமி கோயிலடி. போருக்குள் எந்த வாசலுக்கு ஓடினார்களோ அதே வாசலைத்தான் நீதி கேட்கவும் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டபோது, குடாநாடு முழுவதும் ஒரு கேள்விதான் சுற்றியது: இதில் எங்களுடையவர் யார்?

போர் முடிந்தது என்பதும் சமாதானம் வந்தது என்பதும் யாழ்ப்பாணத்தில் இன்னும் இரண்டு வேறு விடயங்கள். முதலாவது 2009இல் நடந்தது. இரண்டாவதற்கு ஜிம் பிறவுணும் அவரோடு போன குடும்பஸ்தரும் பிரான்சிஸ் யோசப்பும் அவரோடு பேருந்தில் ஏறியவர்களும் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். முடிக்காமல் விட்ட கோப்புகளைத் திறந்து, ஆணைக்குழு நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவது அரசாங்கத்தின் கடமை. அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கிற சட்டமே போதும்.

வாசகர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. அல்லைப்பிட்டியிலும் நவாலியிலும் வலைஞர்மடத்திலும் அன்று நின்றவர்களில் பலருக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். வாசலைத் திறந்தவர் யார், கஞ்சி வார்த்தவர் யார், முகாமுக்குப் போய்க் கதைத்தவர் யார், எந்தத் திகதியில் யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பங்குச் சபையோ கோயில் பரிபாலன சபையோ பள்ளிவாசல் நிர்வாகமோ, ஒரு கொப்பியோடும் ஒரு கைத்தொலைபேசியோடும் இரண்டு இளைஞர்களை அந்த வீடுகளுக்கு அனுப்பட்டும். பெயர், இடம், திகதி, கண்ட சாட்சி என்று எழுதி, இரண்டு பிரதியெடுத்துப் பத்திரப்படுத்தட்டும். இந்த வருடத் திருவிழாவுக்குக் கூடும் முதல் கூட்டத்திலேயே இதை ஒரு தீர்மானமாக எடுங்கள்.